அச்சாரம் கொடுத்தால் ஆட்டம் தயார்!

முகம் தெரியாதவர்கள் பணம் போட்டுப் பிறக்கும் புதுமை விளையாட்டு

கல்லிடைக்குறிச்சி என்றதும் எல்லோருக்கும் அப்பளம்தான் நினைவுக்கு வரும். தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர். ஆற்றுக்கு அக்கரையில் அம்பாசமுத்திரம். அப்பளத்தின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள்.

கல்யாண வீட்டுக்காரர்கள் அப்பளம் வாங்குவது எப்படி? முகூர்த்தத்துக்குப் பல நாள் முன்பே வருவார்கள். "இத்தனை ஆயிரம் அப்பளம் வேண்டும்" என்று சொல்லி, அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் அப்பளம் எங்கே இருக்கிறது? மாவு கூடப் பிசையவில்லை! ஆனாலும் பணம் கைமாறி விடுகிறது.

இதே முறையில் இப்போது உலகத்தில் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. விற்கிற சரக்கு என்ன தெரியுமா? விளையாட்டு!

ஒருவர் புதிதாக ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்கிறார். அதை அச்சடிக்க அவர் கையில் காசு இல்லை. "என் ஆட்டம் இப்படி இருக்கும். பிடித்தவர்கள் இப்போதே பணம் கொடுங்கள். அச்சானதும் அனுப்புகிறேன்" என்று இணையத்தில் விளம்பரம் செய்கிறார். அவரை முன்பின் பார்த்திராதவர்கள், பல நாட்டில் இருப்பவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புகிறார்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து ஆட்டம் பார்சலில் வீடு தேடி வருகிறது. சில சமயம் வராமலும் போகிறது!

இந்த ஏற்பாட்டுக்குக் கூட்டு நிதி என்று பெயர். ஆங்கிலத்தில் "கிரவுட் ஃபண்டிங்" என்பார்கள்.

வாயால் ஆடும் ஆட்டம்

இப்படிப் பிறக்கும் விளையாட்டுகளில் ஒரு வகை மிகவும் விநோதமானது. அதைக் கதை ஆட்டம் என்று சொல்லலாம். தாயக்கட்டம் போலக் கட்டம் வேண்டாம். பல்லாங்குழி போலக் குழி வேண்டாம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேஷம் ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவார்கள். ஒருவர் மட்டும் கதை நடத்துபவர். சூத்திரதாரி என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பாத்திரங்கள்.

இது எப்படி நடக்கும்? கல்லிடைக்குறிச்சியில் நடந்த உண்மைக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

இந்த ஊர் குலசேகரமுடையார் கோயிலில் இருந்த நடராஜர் சிலை 1982ஆம் ஆண்டில் திருட்டுப் போயிற்று. போலீசார் தேடினார்கள். துப்புக் கிடைக்கவில்லை. வழக்கும் மூடப்பட்டது. சிலை கடல் கடந்து போய்விட்டது! ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001ஆம் ஆண்டில் அதை விலை கொடுத்து வாங்கியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருஷங்களுக்கு முன் கோயில் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் பழைய படம்தான் சாட்சி ஆயிற்று. 37 வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில் நடராஜர் ஊர் திரும்பினார்.

இதையே கதை ஆட்டமாக ஆடினால் எப்படி இருக்கும்? ஒருவர் போலீஸ் அதிகாரி. ஒருவர் கோயில் குருக்கள். ஒருவர் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஆராய்ச்சியாளர். இன்னொருவர் கலைக்கூட அதிகாரி. சூத்திரதாரி தொடங்குவார்:

"நீங்கள் அடிலெய்டு கலைக்கூடத்தில் நிற்கிறீர்கள். கண்ணாடிக்கு உள்ளே ஒரு நடராஜர். நம் ஊர் நடராஜர் மாதிரியே இருக்கிறது. பத்து நிமிஷத்தில் கதவைச் சாத்தப் போகிறார்கள். என்ன செய்யப் போறிய, அண்ணாச்சி?"

போலீஸ் வேஷக்காரர், "காவலாளியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து, சிலையை எப்போது வாங்கினார்கள் என்று கேட்கிறேன்" என்பார். காவலாளி பதில் சொல்வாரா, மாட்டாரா? அதை முடிவு செய்வது பகடை. உருட்டிப் பார்க்க வேண்டும். நல்ல எண் விழுந்தால் காவலாளி வாய் திறப்பார். விழாவிட்டால் சந்தேகப்பட்டு மேலதிகாரியைக் கூப்பிடுவார். கதை வேறு பக்கம் திரும்பிவிடும்!

இந்தப் பகடை நம் ஊர்ப் பித்தளைத் தாயக்கட்டை போல இருக்காது. 4 முகம், 8 முகம், 12 முகம், 20 முகம் என்று பல தினுசு உண்டு. எந்தக் காரியத்துக்கு எந்தப் பகடை, எத்தனை விழுந்தால் வெற்றி, குருக்களுக்கு என்ன திறமை, அதிகாரிக்கு என்ன பலவீனம் என்பதை எல்லாம் எழுதி, படம் போட்டு, கெட்டி அட்டைப் புத்தகமாக வெளியிடுவார்கள். அந்தப் புத்தகம்தான் சரக்கு. அதை அச்சடிக்கத்தான் பணம் வேண்டும்.

செருப்புத் தைத்தவர் செய்த ஆட்டம்

கதை ஆட்டத்தை அச்சில் கொண்டுவர முதலில் பாடுபட்டவரும் பணத்துக்கு அலைந்தவர்தான். அவர் பெயர் கேரி கைகாக்ஸ். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊர்க்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970ஆம் ஆண்டில் வேலை போய்விட்டது. பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமே! வீட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்தார். மிச்ச நேரத்தில் விளையாட்டு விதிகள் எழுதினார்.

மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் என்பவர், ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்று ஆடும் முறையை அவருக்கு ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்து ஆட்டத்தை உருவாக்கினார்கள். "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். பாதாளக் குகைகளில் புகுந்து, பூதங்களையும் பறக்கும் நாகங்களையும் எதிர்த்துப் புதையல் தேடும் ஆட்டம். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

வெளியிடக் கம்பெனிகள் முன்வரவில்லை. கைகாக்ஸ் தம் பால்ய நண்பர் டான் கேயோடு சேர்ந்து 1973ஆம் ஆண்டில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஆளுக்கு 1,000 டாலர் முதல். கேய் தம் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கிப் போட்டார். அதுவும் போதவில்லை. பிரையன் புளூம் என்ற மூன்றாவது நண்பர் 2,000 டாலரோடு கூட்டுச் சேர்ந்தார். 1974 ஜனவரியில் 1,000 பிரதிகள் அச்சாயின. வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பெட்டிகளில் அடுக்கினார்கள். ஒரு பெட்டி 10 டாலர்.

பாவம், டான் கேய்! 1975 ஜனவரியில் மாரடைப்பால் இறந்து போனார். வயது 36தான். தாம் கடன் வாங்கிப் போட்ட பணம் எவ்வளவு பெரிய மரமாக வளர்ந்தது என்பதை அவர் பார்க்கவில்லை. அன்று அடுக்கிய முதல் பெட்டிகளில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

கைகாக்சுக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். அப்படிக் கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

நம் ஊரில் "கையொப்பம்"

நாலு பேரிடம் முன்பணம் திரட்டுவது நமக்குப் புதிது அல்ல. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். கல்லூரி ஆசிரியர் சம்பளத்தில் அச்சுக் கூலி கொடுத்துக் கட்டுப்படி ஆகுமா? காகிதத்துக்கு வேறு பணம் வேண்டும். ஆகவே, தமிழில் பற்று உள்ளவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். "புத்தகம் வெளிவந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்பதற்கு அடையாளம் அந்தக் கையொப்பம். இன்று அமெரிக்காக்காரர்கள் கம்ப்யூட்டரில் செய்வதை, ஐயர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தார்!

திருநெல்வேலிச் சீமையில் இதைவிடப் பெரிய வசூல் நடந்தது. 1906ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பல் கண்ணில் படுவதற்கு முன்பே ஜனங்கள் பங்கு வாங்கினார்கள். கப்பல்களும் வந்து ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனியின் போட்டியும், 1908ஆம் ஆண்டில் பிள்ளையைப் பிடித்துச் சிறையில் போட்டதும் கம்பெனியை மூழ்கடித்தன. பங்குக்காரர்களுக்கு நஷ்டம். நல்லவரை நம்பிப் போட்ட பணமும் சில வேளை திரும்பாது.

எட்டினால் முழுவதும், எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை!

2009 ஏப்ரலில் அமெரிக்காவில் "கிக்ஸ்டார்ட்டர்" என்ற இணைய நிறுவனம் தொடங்கியது. இதன் விதி விசித்திரமானது. பணம் கேட்பவர் தமக்கு எவ்வளவு தேவை, எத்தனை நாளுக்குள் தேவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெடுவுக்குள் அந்தத் தொகை சேர்ந்தால் பணம் அவருக்கு. ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள். அரைகுறைப் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கி, நடுவழியில் நிற்கக் கூடாது என்பது நோக்கம். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தொகை எட்டாமல் வெறுங்கையோடு போகிறார்கள்.

எட்டுகிறவர்களோ சில சமயம் வானத்தையே எட்டுகிறார்கள். 2021ஆம் ஆண்டில் "அவதார் லெஜண்ட்ஸ்" என்ற கதை ஆட்டத்துக்கு 81,000க்கு மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். சேர்ந்த தொகை 95 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 70 கோடி ரூபாய்! ஆனால் அது முன்பே புகழ்பெற்ற டெலிவிஷன் தொடரின் பெயரை வைத்து வந்த ஆட்டம். பெயரே பாதி வசூல் செய்துவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் வந்த வேறு ஓர் ஆட்டத்தின் கதைதான் மனத்தைத் தொடுவது. அதன் பெயர் "கயோட்டி அண்ட் குரோ". நரியும் காக்கையும் என்று சொல்லலாம். உருவாக்கியவர் கானர் அலெக்சாண்டர். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் வாழ்ந்த ஆதிக்குடிகளில் ஒன்று செரோக்கி இனம். அந்த இனத்தவர் அவர். ஆதிக்குடிகளைச் சேர்ந்த எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஆட்டத்தை எழுதினார்.

"வெள்ளைக்காரர்கள் எங்கள் மண்ணுக்கு வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" — இதுதான் ஆட்டத்தின் கரு. துப்பாக்கிக்கும் அம்மைக்கும் தப்பிப் பிழைத்த ஜனங்கள், தங்கள் பாஷையோடும் பழக்கத்தோடும் பெரிய நகரங்களைக் கட்டி வாழ்வதாகக் கற்பனை. அதுவரை வந்த ஆட்டங்களில் செவ்விந்தியர் என்றால் தலையில் இறகு, கையில் கோடரி. இவர் காட்டியது வேறு உலகம்.

அவர் கேட்டது 18,000 டாலர். சுமார் 13 லட்சம் ரூபாய். கிடைத்தது 10 லட்சம் டாலருக்கு மேல்! 16,000 பேருக்கு மேல் பணம் போட்டார்கள். எந்தப் பெரிய கம்பெனி முதலாளியின் வாசலிலும் நிற்காமல், தம் இனத்தின் கதையைத் தம் இஷ்டப்படி அச்சேற்றினார்.

லாபத்தைத் தின்னும் பார்சல் செலவு

இவ்வளவு பணம் வந்தால் அவர்கள் எல்லோரும் குபேரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லிடைக்குறிச்சி வாலிபர் ஒருவர் நடராஜர் ஆட்டத்தை அச்சடிக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கணக்கும் நாமாகப் போட்டதுதான்.

புத்தகம் ஒன்று 1,000 ரூபாய். 500 பேர் அச்சாரம் கொடுக்கிறார்கள். வரவு 5 லட்சம். அச்சுச் செலவு பிரதிக்கு 600 ரூபாய் வீதம் 3 லட்சம். படம் வரைந்தவருக்கு 1 லட்சம். பெட்டிக்கும் தபாலுக்கும் 120 ரூபாய் வீதம் 60 ஆயிரம். பணம் திரட்டித் தந்த நிறுவனமும் பாங்கியும் எடுத்துக்கொள்வது நூற்றுக்குப் பத்து வீதம் 50 ஆயிரம். மொத்தச் செலவு 5 லட்சத்து 10 ஆயிரம்! ஐந்நூறு பேர் வாங்கியும் கைநஷ்டம் பத்தாயிரம். வாலிபர் இரண்டு வருஷம் கண் விழித்து எழுதியதற்குக் கூலியே போடவில்லை.

இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் இதே கணக்கில் இடறி விழுந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் கப்பல் கூலி பல மடங்கு ஏறியது. அதற்கு முன்பே அச்சாரம் வாங்கியவர்கள் கதி என்ன? பழைய விலையில் பணம் வாங்கியாயிற்று. புதிய கூலியில் அனுப்ப வேண்டும். சிலர் கூடுதல் பணம் கேட்டு வசவு வாங்கினார்கள். சிலர் சொந்தச் சேமிப்பைக் கரைத்தார்கள்.

வராத ஆட்டம்

வேண்டுமென்றே ஏமாற்றியவர்களும் உண்டு. 2012ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு பலகை ஆட்டத்துக்கு 35,000 டாலர் கேட்டார். "அட்லாண்டிக் சிட்டிக்கு வந்த நாசம்" என்று பொருள்படும் பெயர். 1,246 பேர் சேர்ந்து 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். மாதங்கள் ஓடின. "வேலை நடக்கிறது" என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. 2013 ஜூலையில், "ஆட்டம் வராது. பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்றார். பெரும்பாலோருக்குப் பணம் வரவில்லை. ஆட்டத்தை உருவாக்கிய கலைஞர்களுக்கும் பேரிடி!

அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் விசாரித்தது. பணத்தில் பெரும் பகுதியை அவர் வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் விட்டுவிட்டார் என்று குற்றம் சாட்டியது. கூட்டு நிதி விஷயத்தில் அந்தக் கமிஷன் எடுத்த முதல் நடவடிக்கை அது. 2015ஆம் ஆண்டில் 1,11,000 டாலருக்கு மேல் கட்டவேண்டும் என்று உத்தரவு ஆயிற்று. கட்ட வசதி இல்லை என்பதால் அந்த உத்தரவும் நிறுத்தி வைக்கப்பட்டது!

இதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கிரிப்டோசோயிக் என்ற வேறு கம்பெனி அந்த ஆட்டத்தை எடுத்து அச்சடித்தது. முன்பு ஏமாந்தவர்களுக்கு இலவசமாக ஒரு பிரதி அனுப்பியது. தன் மேல் கடமை இல்லாதபோதும் செய்தது.

சீட்டுப் பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போன கதை நம் ஊர்களிலும் உண்டு. கூட்டு நிதியில் ஓட்டம் எவ்வளவு? பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக், பணம் போட்டவர்களை விசாரித்து 2015ஆம் ஆண்டில் கணக்கு வெளியிட்டார். பணம் சேர்ந்த முயற்சிகளில் நூற்றுக்கு 9 சொன்ன பொருளைக் கொடுக்கவில்லை. இது ஆட்டம் மட்டும் அல்லாமல் எல்லா வகை முயற்சிக்கும் சேர்ந்த கணக்கு. கிக்ஸ்டார்ட்டரும் "நாங்கள் கடை அல்ல" என்றுதான் சொல்கிறது. பொருள் வராவிட்டால் அது ஜவாப்தாரி ஆகாது.

அதனால் பழக்கப்பட்டவர்கள் சில விஷயங்களைப் பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். பணம் கேட்பவர் முன்பு ஏதாவது ஓர் ஆட்டத்தைச் சொன்னபடி அனுப்பியிருக்கிறாரா? விதிகள் முழுவதும் எழுதி முடிந்ததா, அல்லது பணம் வந்த பிறகுதான் எழுதப் போகிறாரா? பார்சல் கூலியைத் தனியாகக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறாரா? அழகான படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

பம்பாய்க்காரர்களின் ஆட்டம்

இந்தியாவிலும் இணையத்தில் கூட்டு நிதி திரட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய "கெட்டோ" அவற்றில் ஒன்று. ஆபரேஷன் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதில் பணம் கேட்பார்கள். விளையாட்டுக்குப் பணமா என்று கேட்டால் நம்மவர்களில் பலர் சிரிப்பார்கள்.

ஆனாலும் மும்பைக்காரர்கள் துணிந்தார்கள். ஜெயின் மேமன் என்பவர் "ஷாஸன்" என்ற பலகை ஆட்டத்தை உருவாக்கினார். ஷாஸன் என்றால் இந்தியில் ஆட்சி. சினிமா டைரக்டர் ஆனந்த் காந்தியின் மீமசிஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார்கள்.

ஆடுகிறவர் ஒவ்வொருவரும் ஓர் அரசியல்வாதி. நாட்டுப் பிரச்னைகளைப் பற்றிக் கேள்விச் சீட்டு வரும். வாக்குக் கிடைக்கிற மாதிரி பதில் சொல்வதா, மனசாட்சிப்படி சொல்வதா? சொல்லும் பதிலுக்கு ஏற்பப் பணமும் செல்வாக்கும் சேரும். அதை வைத்து வாக்காளர்களைப் பிடிக்க வேண்டும். வீட்டில் ஆடினால் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை வருவது நிச்சயம்!

2021ஆம் ஆண்டில் இதே குழுவினர் "ஆசாதி" என்ற அடுத்த ஆட்டத்துக்குப் பணம் கேட்டார்கள். இது சுதந்திரப் போராட்ட ஆட்டம். அந்நிய ஆட்சியை எதிர்த்து ஆட்டக்காரர்கள் முதலில் ஒன்றாகச் சேர்ந்து ஆடவேண்டும். அந்நியனை விரட்டிய பிறகுதான் தங்களுக்குள் போட்டி. இதற்கும் பணம் சேர்ந்தது. சுதந்திரப் போரை வைத்து மும்பைக்காரர்கள் செய்த ஆட்டத்தை, கப்பலிலும் விமானத்திலும் வரவழைத்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு மேஜையில் ஆடுகிறார்கள்.